ஷோனென், ஷோஜோ, செய்னென்: எந்த அனிமே யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பிள்ளை அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கத் தொடங்கினால் கூடவே நாலைந்து ஜப்பானியச் சொற்களும் வீட்டுக்குள் வந்துவிடும். "இது ஷோனென் மாமா, ஒண்ணும் ஆகாது" என்று எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் அடித்துச் சொல்லித்தான் ஒரு தொடரைப் போட்டான். முதல் எபிசோடு பாதி ஓடுவதற்குள் ஒரு குடும்பமே ரத்த வெள்ளத்தில் கிடந்தது. அவன் பொய் சொல்லவில்லை. 'டீமன் ஸ்லேயர்' ஷோனென்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவன் நினைத்த பொருள் வேறு, உண்மைப் பொருள் வேறு. அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஷோனென், ஷோஜோ என்றெல்லாம் சொல்கிறார்களே, என்ன அர்த்தம்?

ஷோனென் என்றால் சிறுவன். ஷோஜோ என்றால் சிறுமி. செய்னென் என்றால் இளைஞன். ஜோசெய் என்றால் பெண், அதாவது வளர்ந்த பெண். இவற்றுக்கெல்லாம் கீழ்ப்படியில், பள்ளிக்கூடம் போகாத வயதிலிருந்து ஆரம்பப் பள்ளி வரைக்கும் உள்ளவர்களுக்கு எடுப்பவை 'கோடோமோ'. கோடோமோ என்றால் குழந்தை.

ஐந்து சொல்லும் யாரை நினைத்து விற்கிறார்கள் என்பதைச் சொல்கின்றன. கதை சண்டையா, காதலா, நகைச்சுவையா, எத்தனை வயதுக்கு மேல் பார்க்கலாம் என்பதையெல்லாம் அவை சொல்வதில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பத்திரிகைக் கடையிலிருந்து. அனிமே தொடர்களில் கணிசமானவை முதலில் மாங்காவாக, அதாவது படக்கதையாக, ஏதாவது ஒரு பத்திரிகையில் தொடராக வந்தவை. (மாங்கா என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வருகிறதென்றால் நானும் உங்கள் கட்சிதான்.) கொடான்ஷாவின் 'வீக்லி ஷோனென் மேகஸின்', ஷோகாகுகானின் 'வீக்லி ஷோனென் சண்டே' இரண்டும் 1959 மார்ச்சில் ஒரே நாளில் முதல் இதழை வெளியிட்டன. ஷுவேஷாவின் 'ஷோனென் ஜம்ப்' 1968இல் வந்து இரண்டையும் முந்தியது. 1990களின் நடுவில் அதன் ஒரு வார விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. சிறுமிகளுக்கு 'நகயோஷி', 'ரிபோன்', 'மார்கரெட்', 'ஹானா தோ யூமே' என்று தனி வரிசை உண்டு.

ஒரு கதை எந்தப் பத்திரிகையில் வந்ததோ அந்தப் பத்திரிகையின் வாசகர் பெயர் கதைக்கும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அனிமேயாக எடுக்கும்போது அனிமேக்கும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. 'வின்லாண்ட் சாகா' 2005இல் ஷோனென் மேகஸினில் தொடங்கி, வாராவாரம் வரைந்து கட்டுப்படியாகாமல் அதே ஆண்டில் 'ஆஃப்டர்நூன்' என்ற மாத இதழுக்கு மாறியது. அது செய்னென் பத்திரிகை. கதை அப்படியேதான் இருந்தது, ஆனால் ஷோனென் செய்னெனாகிவிட்டது.

அச்சுப் புத்தகம் கையில் இருந்தால் அடையாளம் காண ஒரு சின்ன வழி உண்டு. ஷோனென், ஷோஜோ பத்திரிகைகளில் சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' என்ற கடினமான எழுத்துகளின் பக்கத்தில், எப்படிப் படிப்பது என்று பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருப்பார்கள். அதன் பெயர் ஃபுரிகானா. செய்னென் பத்திரிகைகளில் பெரும்பாலும் அது இருக்காது, வாசகருக்குப் படிக்கத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள்.

ஷோனென் என்றால் சண்டைக் கதைதானே?

சண்டை நிறைய உண்டு, மறுக்கவில்லை. 'ஷோனென் ஜம்ப்' காலங்காலமாகச் சொல்லிவரும் மூன்று சொற்கள் நட்பு, முயற்சி, வெற்றி. 'டிராகன் பால்', 'நருட்டோ', 'ஒன் பீஸ்' எல்லாம் இந்த மூன்றிலேயே ஓடுகிறவை. ஆனால் அதே ஜம்ப்பில்தான் 2003 முதல் 2006 வரை 'டெத் நோட்' வந்தது. அதில் ஒரு மாணவன் தன் மேசையில் உட்கார்ந்தபடி நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதியே ஆட்களைக் கொல்கிறான். நட்பும் இல்லை, உருப்படியான முயற்சியும் இல்லை. 'ஹைக்யூ!!' கைப்பந்து பற்றியது. 'ஷோனென் சண்டே'யில் வந்த 'ஃப்ரீரென்' பெரிய போரெல்லாம் முடிந்த பிறகு தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் ஒருத்தி, தன்னோடு வந்த மனிதர்கள் கிழவர்களாகிச் சாவதைப் பார்த்துவிட்டு, அவர்களை ஏன் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் போனோம் என்று யோசித்தபடி நடக்கிற கதை. இதுவும் ஷோனென்தான்.

அப்படியானால் ஷோனென் என்று போட்டிருந்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

அந்த ஒரு சொல்லை நம்பிக் காட்டாதீர்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' வந்த பத்திரிகையின் பெயரே 'பெஸ்ஸாட்சு ஷோனென் மேகஸின்'. மனிதர்களைக் கடித்துத் தின்னும் பூதங்களில் தொடங்கி இனப்படுகொலை வரை போகும் கதை அது. 'செயின்சா மேன்' முதல் பாகம் 'ஷோனென் ஜம்ப்'பில்தான் வந்தது.

ஜப்பானிலேயே இதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். அங்கே ஒளிபரப்பு நேரம் ஒரு வடிகட்டி. 'டோரெமான்', 'போக்கிமான்' போன்றவை மாலையில் வரும். மேலே சொன்ன 'செயின்சா மேன்' 2022இல் நள்ளிரவில் ஒளிபரப்பானது. 'டீமன் ஸ்லேயர்', 'ஜுஜுட்சு கைசென்' தொடர்களும் முதலில் பின்னிரவு அனிமேக்களாகத்தான் வந்தன. இவற்றுக்கு 'ஷின்யா அனிமே' என்றே தனிப் பெயர் உண்டு. பத்திரிகை சிறுவர்களுடையது, ஆனால் ஒளிபரப்பு அவர்கள் தூங்கிய பிறகு. திரையரங்குக்கு வந்தால் எய்ரின் என்ற தணிக்கை அமைப்பு தரம் பிரிக்கும். 2020இல் வந்த 'டீமன் ஸ்லேயர்: முகென் டிரெய்ன்' படத்துக்கு பிஜி12 கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணையோ அறிவுரையோ வேண்டும் என்று பொருள்.

நம் கைக்கு வந்து சேரும்போது இந்த வடிகட்டி கழன்றுபோகிறது. ஓடிடியில் நள்ளிரவும் கிடையாது, மாலையும் கிடையாது. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரி பளபளக்கும் படத்தோடு நிற்கும். அக்கா மகன் விஷயத்தில் நான் ஏமாந்தது இங்கேதான்.

சின்னப் பிள்ளைகளுக்கென்றே எடுப்பவை எவை?

கோடோமோ வகை. நம் ஊரில் இதைப் பெரியவர்கள் கண்டுகொள்வதே இல்லை, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

'டோரெமான்' எப்படிப் பிறந்தது தெரியுமா? ஷோகாகுகான் பதிப்பகம் 'ஒன்றாம் வகுப்பு', 'இரண்டாம் வகுப்பு' என்று வகுப்புக்கு ஒரு மாத இதழ் நடத்திவந்தது. 1970 ஜனவரி இதழ்களில், மழலைப் பிள்ளைகளின் இதழிலிருந்து நான்காம் வகுப்பு இதழ் வரை ஆறு பத்திரிகைகளில் ஒரே சமயத்தில் 'டோரெமான்' தொடங்கியது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஒவ்வொரு வயதுக்கும் தனியாகக் கதை வரைந்தார். மழலைகளுக்குச் சில பக்கங்களில் முடிகிற எளிய சிரிப்பு, நான்காம் வகுப்புக்குக் கொஞ்சம் சிக்கலான திருப்பம். ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் உள்ள தூரத்தை மதித்து எழுதிய எழுத்து அது. நொபிதா வீட்டுப்பாடம் செய்யாமல் அழுவதை உலகம் முழுக்கப் பிள்ளைகள் தம்மோடு பொருத்திக்கொள்வதில் எனக்கு வியப்பே இல்லை.

அடுத்தது 'அன்பான்மான்'. 'அன்பான்' என்பது இனிப்புப் பயறு பூரணம் வைத்த பன். நம் நாயகனுக்குத் தலையே அந்தப் பன்தான். பசியோடு யாரையாவது கண்டால் தன் முகத்தைப் பிய்த்துச் சாப்பிடக் கொடுப்பான், பிறகு ஜாம் மாமா அடுப்பில் சுட்டுப் புதுத் தலை மாட்டிவிடுவார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். படைத்த யானசே தகாஷி இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாகச் சீனாவுக்குப் போய்ப் பசியை அனுபவித்தவர். நேற்று நியாயமாக இருந்தது இன்று அநியாயம் என்று மாறலாம், பசித்தவனுக்குச் சோறு போடுவது மட்டும் எந்தப் பக்கத்திலும் மாறாத நியாயம் என்பது அவர் கண்ட முடிவு. 1988இல் தொடங்கிய அந்தத் தொடர் இன்றும் ஓடுகிறது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் பெரிய பையன்களுக்கு 'கொரோகொரோ காமிக்' என்ற பத்திரிகை, 1977 முதல். இதன் கதைகள் பொம்மைக் கடையோடு கைகோத்து வருபவை. 'பேபிளேட்' அதில் வந்ததுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் சுற்றிய அந்தப் பிளாஸ்டிக் பம்பரத்துக்கு மூலம் 'பேகோமா' என்ற பழைய ஜப்பானியப் பம்பரம். தொடரைப் பார்த்த பிறகு பிள்ளை கடையில் நின்று அடம் பிடித்தால் அது தற்செயல் இல்லை.

ஷின்-சான் குழந்தைகள் தொடர்தானே?

அவனுக்கு ஐந்து வயது. கதை வந்தது பெரியவர்கள் படிக்கும் 'வீக்லி மாங்கா ஆக்‌ஷன்' பத்திரிகையில், 1990இல். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து பெரியவர்களின் அசட்டுத்தனம் வெளியே வருவதுதான் நகைச்சுவை, அதை ரசிக்க வேண்டியவர் அப்பா அம்மா. 1992இல் டிவிக்கு வந்தபோது குடும்பத் தொடராக மாறியது. ஜப்பானிலும் பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். இந்தியாவில் 2008இல் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, வெட்டிச் சீர்செய்த பிறகுதான் திரும்ப வந்தது. டப்பிங்கில் இன்னும் கொஞ்சம் பதமாக்கியிருக்கிறார்கள். என் கருத்து: விஷம் எதுவும் இல்லை, ஆனால் அவன் அம்மாவிடம் பேசுவதுபோல உங்கள் வீட்டிலும் ஒருவர் பேச ஆரம்பிப்பார்.

ஷோஜோ என்றால் காதல் கதை மட்டுந்தானா?

'கிமி நி தோதோகே', 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' போன்றவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பள்ளிக்கூடம், கூச்சம், சொல்லாத பிரியம், பின்னணியில் பூ. ஆனால் இந்த வகையின் வரலாறு அதைவிடத் துணிச்சலானது. தெசுகா ஒசாமு 1953இல் 'ஷோஜோ கிளப்' இதழில் வரைந்த 'ரிபோன் நோ கிஷி'யின் நாயகி, அரியணைக்காக ஆண் வேடத்தில் வாள் வீசும் இளவரசி. தொடக்கத்தில் சிறுமிகளின் பத்திரிகைக்குக் கதை வரைந்தவர்களில் ஆண்களே அதிகம். 1970களில் இது மாறியது. ஹாகியோ மோதோ, தகேமியா கெய்கோ போன்ற இளம்பெண்கள் வந்து அறிவியல் புனைவு, மரணம், தனிமை எல்லாவற்றையும் சிறுமிகளின் பத்திரிகைக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் ஜப்பானிய ஷோவா ஆண்டு 24, அதாவது 1949 வாக்கில் பிறந்தவர்கள். அதனால் '24ஆம் ஆண்டுக் குழு' என்று பெயர்.

இகேதா ரியோகோ 1972இல் 'மார்கரெட்' இதழில் தொடங்கிய 'வெர்சாய் நோ பாரா' பிரெஞ்சுப் புரட்சிக் கதை. அரச காவல் படைக்குத் தலைமை தாங்கும் ஆஸ்கர், மகனைப் போல வளர்க்கப்பட்ட மகள். பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் அரண்மனை, பஞ்சம், பாஸ்டீல் என்று வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். சரித்திரத் தொடர்கதைக்காக வாரப் பத்திரிகை வாசலுக்கு வரும்வரை காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

'மந்திரப் பெண்' தொடர்கள் எந்த வயதுக்கு?

இது ஷோஜோவின் ஒரு கிளை. 1966இல் வந்த 'மாஹோட்சுகாய் சாலி' முதல் படி. 'சூனியக்காரி மனைவி' கதையான ஓர் அமெரிக்க டிவி தொடர் ஜப்பானில் சக்கைப்போடு போட்டதைப் பார்த்துச் செய்தது. 1992இல் 'செய்லர் மூன்' வந்து, தனியாகச் சுற்றிய மந்திரப் பெண்ணை ஐந்து பேர் கொண்ட சண்டைக் குழுவாக்கியது. 2004 முதல் ஞாயிறு காலை எட்டரைக்கு வரும் 'ப்ரீக்யூர்' இன்னும் ஒரு படி மேலே. பெண்பிள்ளைகளுக்கும் துள்ளிக் குதித்துச் சண்டை போட ஆசை இருக்கும் என்ற எண்ணத்தில் எடுத்தது. மந்திரக்கோல் இரண்டாம்பட்சம், முதலில் குத்தும் உதையும்தான். ஆனால் ரத்தம் கிடையாது. நாலு வயதிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. 2011இல் வந்த 'மடோகா மாஜிகா'வின் விளம்பரப் படத்தைப் பார்த்தால் இதே வரிசை என்றே நினைப்பீர்கள். இளஞ்சிவப்பு ரிப்பன், பொம்மை போன்ற குட்டி விலங்கு. அது பின்னிரவுத் தொடர். மூன்றாவது எபிசோடில் நடப்பதைப் பார்த்துப் பெரியவர்களே அதிர்ந்துபோனார்கள். 'மேட் இன் அபிஸ்' தொடரும் அப்படியே, குண்டுக் கன்னப் பிள்ளைகளை வைத்து நெஞ்சு பதறும் காட்சிகள். முகம் எவ்வளவு உருண்டையாக வரையப்பட்டிருக்கிறது என்பதை வைத்து வயதை முடிவு செய்யவே கூடாது.

பெண்பிள்ளை ஷோனென் பார்த்தால், பையன் ஷோஜோ பார்த்தால்?

பார்க்கட்டும். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எழுதிய அரகாவா ஹிரோமு பெண். 'இனுயாஷா' எழுதிய தகஹாஷி ருமிகோ பெண். ஷோனென் பத்திரிகைகளுக்கே பெண்களும் எழுதுகிறார்கள் என்னும்போது வாசலில் நின்று யார் தடுப்பது?

பதினாறு வயதுக்குச் செய்னென், ஜோசெய் சரிப்படுமா?

தொடரைப் பொறுத்தது. 'அகிரா', 'கோஸ்ட் இன் தி ஷெல்', 'மான்ஸ்டர்' எல்லாம் செய்னென், கனமானவை. ஆனால் 'கே-ஆன்!' செய்னென் பத்திரிகையில் வந்தது என்றால் நம்புவீர்களா? நான்கைந்து பள்ளி மாணவிகள் பாட்டுக் குழு அமைத்து, பயிற்சியை விட்டுவிட்டுத் தேநீரும் கேக்கும் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

ஜோசெய் தொகை சிறியது, தரம் உயர்ந்தது. 'நோதாமே கான்டாபிலே' இசைக் கல்லூரி. 'சிஹாயாஃபுரு' பழைய கவிதைகள் நூறை மனப்பாடம் செய்து, முதல் எழுத்து காதில் விழுந்ததுமே சரியான அட்டையைத் தட்டிப் பறிக்கும் 'கருதா' விளையாட்டைப் பற்றியது. பதினைந்து வயதுக்குத் தயங்காமல் கொடுப்பேன்.

இசெகாய், மெக்கா, விளையாட்டு அனிமே என்பவை?

இவைதாம் உண்மையான கதை வகைகள். இசெகாய் என்றால் வேறு உலகத்தில் போய் விழுவது, மெக்கா என்றால் ராட்சத இயந்திரம். எந்த வாசகர் பிரிவிலும் இவை வரும். குறி தவறுவதும் உண்டு. 1979இல் 'கண்டம்' என்ற மெக்கா தொடர், பொம்மை வாங்கும் சிறுவர்களுக்காக எடுக்கப்பட்டது. பொம்மை விற்கவில்லை, 52 எபிசோடு திட்டத்தை 43இல் முடித்தார்கள். பிறகு பார்த்தால் அதைப் பதின்வயதினர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த பிளாஸ்டிக் மாடல்கள் அள்ளிக்கொண்டு போயின.

ஜிப்லி படங்கள் எல்லாம் குழந்தைகளுக்குத்தானே?

1988 ஏப்ரலில் ஸ்டூடியோ ஜிப்லி இரண்டு படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டது. ஒன்று 'மை நெய்பர் டோட்டோரோ', மற்றது 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. முதலாவதில் காட்டு ஆவியின் வயிற்றில் ஒரு குழந்தை படுத்துத் தூங்குகிறாள். இரண்டாவதில் போர்க்காலக் கோபேயில் அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகிறார்கள். ஐந்து வயதுக்கு 'டோட்டோரோ', 'போன்யோ'. எட்டு வயதுக்கு 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்'. 'பிரின்சஸ் மோனோனோகே'யில் அம்பு பட்டுக் கை துண்டாகும், அதற்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

மின்னி மின்னி வரும் வெளிச்சம் பிள்ளைகளுக்குக் கெடுதலா?

ஒரு முறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1997 டிசம்பர் 16 அன்று 'போக்கிமான்' எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. வலிப்பு, மயக்கம், வாந்தி என்று 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். தொடர் நான்கு மாதம் நின்றது, அந்த எபிசோடை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. பிறகு ஜப்பானிய டிவி நிலையங்கள் மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. 'அறையில் விளக்கைப் போட்டு, திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்ற வரி பல தொடர்களின் தொடக்கத்தில் வருவது அதனால்தான். வீட்டில் வலிப்பு வரலாறு இருந்தால் இருட்டில் போனில் பார்க்க விடாதீர்கள்.

சரி, ஒரு தொடரைப் போடுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

முதலில் வயதுக் குறியீடு. இந்தியாவில் ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று போட வேண்டும் என 2021 விதிகள் சொல்கின்றன. பக்கத்தில் வன்முறை, ஆபாசம் என்று காரணமும் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். அப்புறம் அந்தத் தொடர் ஜப்பானில் எந்த நேரத்தில் வந்தது என்று தேடுங்கள். பின்னிரவு என்றால் கொஞ்சம் நிதானம். முதல் எபிசோடை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மூன்றாவது வரைக்கும் நீங்களே பாருங்கள், பல தொடர்கள் தம் உண்மை முகத்தை அங்கேதான் காட்டுகின்றன. பத்திரிகைப் பெயர் இதற்கெல்லாம் பிறகுதான்.

நாங்கள் சின்ன வயதில் அனிமே எதுவும் பார்க்கவில்லையே, எங்களுக்கு இது ஒட்டுமா?

1990களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மோக்லி பார்த்தீர்களா? "ஜங்கிள் ஜங்கிள் பாத் சலீ ஹை" என்று அர்த்தம் தெரியாமலே பாடினீர்களா? அது ஜப்பானில் எடுத்த தொடர். பாட்டு மட்டும் குல்ஸார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாட்டு. தொடரின் ஜப்பானியப் பெயர் 'ஜங்கிள் புக் ஷோனென் மோக்லி'. ஆமாம், அதே ஷோனென்தான்.